தீக்கோபுரம் தாண்டி இடப்பக்கம்

நஜ்மா, தோஹா
14 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி சாதிக்,

போன வாரம் அஃபீஃபா என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். மருமகள் மீன் கழுவிக்கொண்டே கேட்டது: “மாமி, சாதிக் மாமா அந்த ஊர விட்டு வரமாட்டேங்குறாங்களே, அப்படி அங்க என்னதான் இருக்கு?”

முதலில் குவைத்தில் ஃபஹாஹீலிலும் பிறகு இங்கேயும், நரை விழும் வரைக்கும் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள் நான். பாடலிபுத்திரத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் ஒரு பீரியட் முழுக்கப் பேசுவேன். என் கூடப் பிறந்தவன் இருபத்தைந்து வருடமாகக் குடியிருக்கிற ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டதும் ஒரே வரிதான் வந்தது. “ஆஸ்பத்திரி இருக்கு” என்றேன். “அது இங்கயும்தான் இருக்கு” என்றாள்.

போனில் பேசினால் நமக்குச் சண்டை வருகிறது. சென்ற முறை நீ “சிக்னல் இல்லை” என்று துண்டித்தாய். சிக்னல் போவதற்கும் தம்பி கோபித்துக்கொண்டு வைப்பதற்கும் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். மகன் ஹசன் அலி கடைக்குப் போகும் முன் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவான்.

போர் தொடங்கிய மாதம் ஒலேனாவும் உன் மகள் மர்ஜானாவும் போலந்து வழியாக இங்கே வந்தார்கள். இரண்டரை வருடம் ஆகிவிட்டது. உன் மனைவியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அவளுடைய போனில் உங்கள் ஊர் சைரன் செயலி இருக்கிறதே, அதை அவள் அணைப்பதே இல்லை. ஸ்தாரி பிரிட்டில் அபாயச் சங்கு ஊதினால் நஜ்மாவில் எங்கள் சமையலறை அலறுகிறது. அஃபீஃபாவின் சின்னவன் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுகிறான். அது ஓயும் வரை ஒலேனா நின்ற இடத்திலேயே நிற்பாள், கரண்டி கையிலிருந்தால் கரண்டியோடு.

ஹசன் அலிக்குத் தெரிந்த ஒரு கிளினிக்கில் சர்ஜன் வேண்டுமாம். நவம்பருக்குள் சொல்ல வேண்டும். அந்த ஊர் ஆண்களை எல்லையில் தடுத்து நிறுத்துகிறார்கள். உன் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட், உன்னை யாரும் தடுக்கப்போவதில்லை. இருந்தும் நீ வரவில்லை.

ஆகவே, தம்பி, அஃபீஃபாவின் கேள்வியை உன்னிடமே தள்ளுகிறேன். அந்த ஊரில் என்ன இருக்கிறது? சரித்திரம், பார்க்கத்தக்க இடம், எல்லாவற்றையும் எழுது. உன் பதில் எனக்குத் திருப்தியாக இருந்தால் இனிமேல் வா என்று கேட்க மாட்டேன்.

உன் லாத்தா,
ஜொஹரா


ஸ்தாரி பிரிட்
29 செப்டம்பர் 2024

லாத்தா,

ஜெனரேட்டர் வெளிச்சத்தில் மருந்துச் சீட்டின் பின்பக்கம் சரித்திரப் பரீட்சை எழுதுகிற சர்ஜன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கைக்குத் தமிழ் மறந்துவிட்டது, பிழைக்கு மார்க் குறைக்காதே.

பார்க்க ஒன்றும் இல்லை. இதுதான் உண்மையான விடை. நீ ஒரு வரிக்கு மார்க் போட மாட்டாய் என்பதால் மற்றதையும் எழுதுகிறேன்.

ஊர்ப் பெயருக்குப் பழைய துறை என்று அர்த்தம். ஆறு இங்கேதான் ஆழம் குறைவு, வண்டிகள் இறங்கிக் கடந்திருக்கின்றன. கடக்கிற இடம் என்றால் காவல் வேண்டும், அதனால் மண்ணால் ஒரு கோட்டை கட்டினார்கள். இப்போது கோட்டை மேடு என்ற பெயர் இருக்கிறது. கோட்டை இல்லை, மேட்டிலும் பாதிதான் மிச்சம். மிக்கோலா என்கிற கிழவர் அங்கே ஆடு மேய்க்கிறார். ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைப் பழுது பார்ப்பதும் அவர்தான்.

ஆற்றோரம் சர்க்கரை ஆலை. கரும்பு இல்லை, பீட்ரூட் கிழங்கு. நான் வந்தபோதே மூடிவிட்டார்கள், புகைபோக்கி மட்டும் நிற்கிறது. வருடா வருடம் அதன் உச்சியில் நாரைகள் கூடு கட்டும். போரிலும் வந்தன.

சந்தைத் திடலில் ஒரு விளையாட்டுக் கூடம். மர்ஜானா அங்கேதான் வாலிபால் ஆடினாள். சுவர் ஏன் இவ்வளவு தடிமன், ஜன்னல் ஏன் வளைந்திருக்கிறது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அது யூதர்களின் தொழுகை இடம். நாற்பத்தொன்றில் ஜெர்மன்காரர்கள் அவர்களை மணல் குவாரிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ஊரில் பாதிப் பேர். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இங்கே வந்து பத்து வருடம் கழித்து, குவாரிப் பக்கம் நடக்கப் போனபோது அங்கிருந்த நினைவுக் கல்லில் படித்தேன். கல்லறைத் தோட்டத்தில் பெயரே இல்லாத ஒரு நீண்ட பகுதி இருக்கிறது, அது அதற்கும் முந்திய பஞ்சத்தில் செத்தவர்களுக்கு. இந்த ஊரில் எங்கே தோண்டினாலும் யாராவது இருப்பார்கள். அதனால்தான் எல்லோரும் பூச்செடியை மேலாகவே நடுகிறார்கள்.

நடுவில் லெனின் பீடம். லெனினைப் பத்து வருடம் முன்பே இறக்கிவிட்டார்கள், பீடத்தில் பூந்தொட்டி இருக்கிறது. ஆனாலும் “லெனினில் சந்திப்போம்” என்றுதான் சொல்வார்கள்.

கடைசியாகத் தீக்கோபுரம். சிவப்புச் செங்கல். ஓர் ஆள் மேலே நின்று எங்கே புகை கிளம்புகிறது என்று பார்க்கக் கட்டியது. டெலிபோன் வந்தபிறகு அதற்கு வேலை இல்லை. போரின் முதல் வாரம், வருகிறவனுக்கு வழி தெரியக்கூடாது என்று ஊரே சேர்ந்து தெருப் பெயர்ப்பலகைகளைக் கழற்றியது. நானும் ஸ்குரூ டிரைவரோடு ஏணியில் ஏறினேன். பலகைகளை இன்னும் திரும்ப மாட்டவில்லை, ஊர்க்காரர்களுக்கு அவை தேவைப்படவும் இல்லை. ரொட்டிக் கடைக்கு இடப்பக்கம் தீக்கோபுரம், அதைத் தாண்டி இடப்பக்கம் ஆஸ்பத்திரி.

எழுதிவிட்டேன். இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். தொண்ணூறில் ஈராக்காரன் குவைத்துக்குள் வந்தபோது உன்னையும் பிள்ளையையும் அனுப்பிவிட்டு நூஹு மச்சான் ஃபஹாஹீலில் தங்கினாரே, அங்கே என்ன இருந்தது?

சாதிக்


நஜ்மா
8 அக்டோபர் 2024

அன்புள்ள சாதிக்,

உன் விடைத்தாளுக்குப் பத்துக்கு நான்கு. கல்லும் செங்கல்லும் எழுதியிருக்கிறாய். யார் உனக்கு டீ தருகிறார்கள், யார் வீட்டில் சாப்பிடுகிறாய், ஒரு வரி இல்லை. மிக்கோலாவுக்காக ஒரு மார்க் சேர்த்தேன்.

மச்சானை இழுத்திருக்கிறாய். சரி. ஃபஹாஹீலிலும் பெயர்ப்பலகைகளைக் கழற்றினார்கள், வீட்டு எண்களையும் சுரண்டினார்கள். எங்கள் சந்து மூளியாகப் போனது எனக்கு இன்றும் கண்ணில் இருக்கிறது. மூன்று வயது ஹசன் அலியையும் என்னையும் ஜோர்டான் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டு, “கடையப் பாத்துக்கிட்டுப் பின்னால வாரேன்” என்றார். டிசம்பரில்தான் காயல்பட்டினம் வந்து சேர்ந்தார், கழுத்தெலும்பு தெரிய. நாலு துணிக் கட்டுக்காகப் பிள்ளையை விட்டுவிட்டாரே என்று எனக்குக் கோபம். அவர் மௌத்தாகும் வரைக்கும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆகையால் அவரை உதாரணம் காட்டாதே. நல்ல உதாரணம் என்றால் கேட்பவனுக்குச் சந்தேகம் தீர வேண்டும், எனக்குக் கூடுகிறது.

உன் மகளைப் பற்றி எழுதுகிறேன், கேள். வகுப்பில் எல்லோரையும் சொந்த ஊர் பற்றிப் பேசச் சொன்னார்களாம். மர்ஜானா எழுந்து, “மை நேட்டிவ் இஸ் காயல்பட்டினம்” என்று சொல்லிக் கடற்கரையைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தாளாம். அவள் அந்தக் கடற்கரையைப் பார்த்தது ஒரே ஒரு லீவில். டீச்சர் பாராட்டினாராம். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

இன்னொன்று. நவம்பர் வரைக்கும் காத்திருந்தால் இடம் போய்விடும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். ஒலேனா கொண்டுவந்த ஃபைலில் உன் சான்றிதழ்கள் இருந்தன. உன் பேரில் விண்ணப்பம் போடச் சொல்லி ஹசன் அலியிடம் நான்தான் சொன்னேன். சரிபார்ப்பு முடிய ஒரு மாதம் ஆகும். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவள் நான், காலேஜுக்குப் பணம் கட்ட வரிசையில் நின்றவள் நான். இதற்கும் உன்னைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?

ஜொஹரா லாத்தா


ஸ்தாரி பிரிட்
3 நவம்பர் 2024

லாத்தா,

நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியாது. சொல்கிறேன்.

வளைகுடாவில் ஒரு டாக்டருக்கு லைசென்ஸ் தருவதற்கு முன், அவன் வேலை பார்த்த இடத்துக்கெல்லாம் எழுதிக் கேட்பார்கள். “இவர் உங்களிடம் வேலை செய்தாரா, எந்தத் தேதி வரை?” என் ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒரு மெயில் வந்தது. எங்கள் தலைமை டாக்டர் அம்மாள் அதை அச்செடுத்து என் மேஜையில் வைத்தார். பிறகு, “எந்தத் தேதி என்று போடட்டும்?” என்றார்.

போகவில்லை என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை. சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வெள்ளரி ஊறுகாய், செர்ரி ஜாம், கம்பளிக் காலுறை என்று ஆளாளுக்குக் கொண்டுவந்தார்கள். யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பிள்ளை இருக்கிறதே, டாக்டர், போகத்தான் வேண்டும்” என்றார்கள். எனக்கு வழியனுப்பு விழா நடந்தது, லாத்தா, நான் போகாமலே.

மிக்கோலா மட்டும் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார்: “போறதுன்னா சொல்லிட்டுப் போ, டாக்டர். ஆட்ட விக்கணும்.”

“நான் போறதுக்கும் உன் ஆட்டுக்கும் என்ன?”

“உன் ஜன்னல்ல விளக்கு எரியுதான்னு பாத்துட்டுதான் காலைல புல்லுக்குப் போறேன். நீ கிளம்பிட்டா இங்க இருக்கக்கூடாதுன்னு அர்த்தம். படிச்சவன் உனக்குத் தெரியாதா?”

அந்த வாரத்திலேயே பதினோரு வீடு காலி. மருந்துக் கடை ஹன்னா தன் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். இருந்த ஒரே மருந்துக் கடை அதுதான். இப்போது இன்சுலினுக்கு நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும், அந்தச் சாலைக்கு மேலே நாள் முழுக்க ட்ரோன். நேற்று ஒரு கிழவியின் காலை எடுத்தேன். மருந்து இருந்திருந்தால் விரலோடு போயிருக்கும்.

எல்லாம் உன்னால் என்று சொல்லவில்லை. அவர்கள் போனதே நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் அவர்கள் தாங்களாக முடிவு செய்து போயிருக்க வேண்டும், உன் மெயிலைப் பார்த்து அல்ல.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே.

சாதிக்


நஜ்மா
20 நவம்பர் 2024

சாதிக்,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றைப் படித்துவிடு.

உன் கடிதம் வந்த மறுநாளே நானே கிளினிக்குக்குப் போனேன். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றாயிற்று. மேனேஜர், “டாக்டர் மனசு மாறிட்டாரா?” என்று கேட்டார். “அவர் மனசு முதல்லருந்தே அப்படித்தான் இருந்துச்சு. போட்டது நான்” என்றேன். வாத்தியார் தப்பான விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் அழிப்பது சுலபம். முதல் வரிசைப் பிள்ளைகள் அதற்குள் நோட்டில் எழுதிவிட்டிருப்பார்கள். அந்தக் கிழவியின் காலை நான் எதைக் கொண்டு அழிப்பேன்?

பிறகு ஒரு காரியம் செய்தேன். ஃபஹாஹீலில் எங்கள் மேல்மாடியில் வீரம்மாள் என்று ஒரு நர்ஸ் இருந்தார், தொண்ணூறில் அவரும் அங்கேயே தங்கிவிட்டார். இப்போது பரமக்குடியில் மகனோடு இருக்கிறார். தேடிப்பிடித்துப் பேசினேன். உன் மச்சான் எந்தத் துணியைக் காவல் காத்தார் என்று கேட்டேன். அந்த அம்மாள் சிரித்தார்.

“துணியா? மொத வாரமே அள்ளிட்டுப் போயிட்டாங்க டீச்சர். வெறுங்கடை. உங்க வீட்டுக்காரவுக பாதி ஷட்டரத் தூக்கி வச்சுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்திருப்பாக. லேபர் கேம்ப்புலருந்து நடந்து வர்ற நம்ம பயலுவளுக்குப் போர்டு இல்லாம எந்தச் சந்துன்னு தெரியாது. காய்ச்சல்காரன என்கிட்ட கூட்டியாறவங்க, ‘ஷட்டர் பாதி தொறந்திருக்கிற கடைக்கு எதுத்த மாடி’ன்னு கேட்டுத்தான் வருவாங்க. பூரா தொறந்திருந்தா ரோட்டுல பட்டாளம் நிக்கி, வராதன்னு அர்த்தம்.”

“அவர் பயப்படலையா?”

“பயப்படாமயா? ஜீப் சத்தம் கேட்டா எனக்கு முன்னால அவுகதான் பாத்ரூமுக்குள்ள போவாக. அப்புறம் வெளிய வந்து திரும்ப ஸ்டூல்ல உக்காருவாக.”

முப்பத்து நான்கு வருடம் தப்பாகக் கோபப்பட்டிருக்கிறேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. இப்போதும் கோபம்தான், கோபத்தின் காரணம் மட்டும் மாறியிருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்த மனிதர்.

இனி உனக்குப் பிடித்த செய்தி. உன் செப்டம்பர் கடிதத்தை நான் மர்ஜானாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, கேட்டால் புரியும். பாதியில் நிறுத்தினாள். “நோ மாமி, வாப்பா ராங்கா சொல்றாங்க. பேக்கரிக்கு ரைட்லதான் டவர்.” ஒலேனா அடுப்படியிலிருந்து வந்து இடப்பக்கம் என்றாள். மகள் வலப்பக்கம் என்றாள். ஆற்றுப் பக்கமிருந்து வந்தாலா, பஸ் நிலையத்திலிருந்து வந்தாலா என்று இருவரும் உங்கள் மொழியில் சண்டை போட்டார்கள். மேஜையில் உப்புக் குப்பி லெனின், டம்ளர் தீக்கோபுரம். இந்த வீட்டுக்கு வந்தபிறகு அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அஃபீஃபா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ஓ, இவ்வளவு இருக்கா?” என்றாள்.

பதில் எழுத வேண்டாம். இருக்கிறேன் என்று மட்டும் ஒரு சொல் அனுப்பு.

ஜொஹரா


ஸ்தாரி பிரிட்
16 ஜனவரி 2025

லாத்தா,

இருக்கிறேன்.

இந்த ஒரு சொல்லுக்கு இத்தனை நாள் ஆனதற்குக் கோபம் பாதிக் காரணம். மீதி என்னவென்றால், போன மாதம் தீக்கோபுரம் போய்விட்டது. விமானத்திலிருந்து போட்ட குண்டு. ரொட்டிக் கடையும் சேர்ந்து போயிற்று. அது காலை நேரம், உள்ளே ஆள் இருந்தார்கள். அதை எழுதவில்லை. எனக்கு ஒரு காதில் இன்னும் இரைச்சல் நிற்கவில்லை, மற்றபடி காயம் இல்லை.

மர்ஜானாவிடம் சொல், அவள் சொன்னதுதான் சரி. பஸ் நிலையத்திலிருந்து வந்தால் வலப்பக்கம். நான் எப்போதும் ஆற்றுப் பக்கமிருந்தே வருகிறவன். மிச்சம் நிற்கிற அடிச்சுவரைப் பார்த்துச் சரிபார்த்தேன்.

நேற்று வேறு மாவட்டத்திலிருந்து ஒரு புது ஆம்புலன்ஸ் டிரைவர் வந்தான். ஆஸ்பத்திரி எங்கே என்று மிக்கோலாவிடம் கேட்டிருக்கிறான். “தீக்கோபுரம் தாண்டி இடப்பக்கம்.” “எந்தக் கோபுரம்?” “விழுந்துச்சே, அது.” டிரைவர் என்னிடம் வந்து முறையிட்டான், “இந்த ஊர்ல எல்லாருக்கும் பைத்தியமா, டாக்டர்?” நானும் அப்படித்தான் வழி சொல்லியிருப்பேன் என்று அவனிடம் சொல்லவில்லை.

ஊரைக் காலி செய்ய உத்தரவு வந்திருக்கிறது. நோயாளிகளை நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற நகரத்துக்கு மாற்றுகிறோம், ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறைக்கு. நானும் அங்கே போகிறேன். மிக்கோலா ஆட்டை விற்றுவிட்டார். அவர் வரவில்லை.

தோஹாவுக்கு வா என்று கேட்காதே. வேறு எதை வேண்டுமானாலும் கேள்.

சாதிக்


நஜ்மா
9 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி,

இந்தக் கடிதத்தைப் படம் பிடிக்கச் சொல்லவில்லை. உன் மனைவி உன் கையில் தருவாள்.

ஆமாம், ஒலேனா வருகிறாள். உன் ஜனவரிக் கடிதத்தை நான் வாசித்து மர்ஜானா அவளுக்குச் சொன்ன மறுநாள், அவள் போலந்தின் வார்சாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு வந்துதான் சொன்னாள். பள்ளிக்கூட நிலவறை என்றால் சமைக்கவும் கட்டுத் துணி துவைக்கவும் ஆள் வேண்டுமே என்றாள். எனக்குத் தெரிந்த எல்லா வாதத்தையும் வைத்தேன். பொறுமையாகக் கேட்டாள், நம் வீட்டுத் தமிழில், “லாத்தா, போதும்” என்றாள். உன்னை இங்கே வரவழைக்கப் பார்த்தவள், அவளை அங்கே அனுப்ப மசாலாப் பொடி இடித்துக்கொண்டிருக்கிறேன். இன்று மாலை ஃப்ளைட்.

மர்ஜானா போகிறேன் என்று அழுதாள். பரீட்சை முடியட்டும் என்று ஒலேனா சொல்லிவிட்டாள். ஜூனுக்குப் பிறகு என்ன என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளை நான் பார்த்துக்கொள்வேன். அந்தச் சைரன் செயலியை என் போனில் போட்டுத்தரச் சொன்னேன். நீ போகிற நகரத்தின் பெயரை அதில் சேர்த்தாயிற்று. அஃபீஃபா சின்னவனுக்கு, “பெரிய மாமா ஊரு மணி, பயப்படாத” என்று சொல்லி வைத்தாள்.

அஃபீஃபா கேட்ட கேள்விக்கு என்னிடம் இப்போதும் முழு விடை இல்லை. எனக்குத் தெரிந்தது ஓர் உதாரணம்தான். நம் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஹசன் அலி எப்படி வழி சொல்கிறான் தெரியுமா? “ஈரானி ரொட்டிக் கடைக்குப் பின்னால, பாய்.” அந்தக் கடையை இடித்து நாலு வருடம் ஆகிறது, அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள். ஆனாலும் நஜ்மாவில் இருக்கிற டாக்ஸிக்காரன் சரியாக வந்து நிறுத்துவான். கடை இல்லை என்பது வெளியூரானுக்குத்தான் தெரியும்.

திருப்தியானால் இனிக் கேட்க மாட்டேன் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். திருப்தி இல்லை, சாதிக். இருந்தாலும் கேட்க மாட்டேன்.

நிலவறையில் உனக்கு நேரம் கிடைக்கும்போது ஒரு காரியம் செய். ஒரு தாளை எடுத்து, உன் ஊர் பஸ் நிலையத்திலிருந்து உன் வீட்டுக் கதவு வரைக்கும் உள்ள வழியை, அந்த ஊரைப் பார்த்தே இராத எனக்குச் சொல்வது போல எழுது. இப்போது இல்லாத எதையும் அடிக்காமல் எழுது.

உன் லாத்தா,
ஜொஹரா